திண்ணையில் தங்கிய தாள்கள்

தமிழ்ப் பள்ளியின் ஆண்டுவிழா மலரில் மொழியின் பெருமையைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். அவர்களோடு போட்டியிடும் புலமை எங்களுக்கு இல்லை. ஆதலால் நாங்கள் கைப்பட அறிந்த ஒன்றையே எழுத முற்பட்டோம். இந்த ரிச்சர்ட்சன் நகரில் ஒரு பெருநிறுவனத்தில், 1994 முதல் 2004 வரை, தொலைநகல் வழங்கியைப் பராமரிப்பது எங்கள் பணியாக இருந்தது. தொலைநகல் என்றால் என்னவென்றே அறியாத மாணவச் செல்வங்கள் இம்மலரைப் படிப்பர், எஸ்.டி.டி. பூத்தின் வாசலில் ஃபேக்ஸ் அனுப்பக் காத்து நின்ற பெற்றோரும் படிப்பர். இரு சாராரையும் மனத்தில் கொண்டு எழுதுகிறோம்.

நாங்கள் என்பது மூவரைக் குறிக்கும். இருவர் தமிழர், ஒருவர் வியட்நாமில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா. 75ஆம் எண் நெடுஞ்சாலையின் இருமருங்கும் அன்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறைந்திருந்தன என்பதைப் பெற்றோர் அறிவர். 1950களில் காலின்ஸ் ரேடியோ நிறுவனம் இங்கே கால் ஊன்றியது. பின்னர் எம்.சி.ஐ., நார்டெல், எரிக்சன், ஃபுஜிட்சு எனப் பல வந்து சேர்ந்தன. 1990களில் இப்பகுதிக்கு டெலிகாம் காரிடார் என்றே பெயர் வழங்கிற்று. தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகரில் குடியேறியதற்கும் அதுவே காரணம் எனலாம்.

தொலைநகல் நேற்றுத் தோன்றியதன்று. அது தொலைபேசிக்கும் முந்தியது என்றால் மாணவர்கள் வியப்படைவர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் பெயின் 1843-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-இல். இத்தாலியப் பாதிரியார் ஜியோவன்னி கசெல்லி அமைத்த கருவி, 1865 முதல் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே மனிதரின் கையெழுத்தைத் தந்திக் கம்பி வழியே கொண்டு சென்றது. நம் பக்கத்திலும் இதற்கு வரலாறு உண்டு. சென்னையின் 'தி இந்து' நாளிதழ் 1969-இலேயே, சென்னையில் உருவான பக்கங்களை வேற்றூரில் அச்சிடுவதற்குத் தொலைநகல் முறையில் அனுப்பத் தொடங்கியது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு எளிதில் பேசுவதற்கான பொது விதி 1980-இல்தான் பன்னாட்டளவில் வகுக்கப்பட்டது. அதன்பின் தொலைநகல் உலகெங்கும் பரவியது.

அக்கருவி செய்யும் வேலை எளியது. தாளின் அகலத்தில் செல்லும் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் 1,728 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வெள்ளையா கறுப்பா என்று பார்க்கும். வழக்கமான தரத்தில் ஒரு தாளில் ஏறக்குறைய 1,140 கோடுகள். ஆகவே ஒரு தாளுக்கு ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 9,600 பிட்டுகள் செல்லும் இணைப்பில் இவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினால் மூன்றரை நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் கடல் கடந்த அழைப்புக்குப் பணம் கட்ட யாரால் இயலும்? எனவே கருவி புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொல்லாமல், 'முந்நூறு வெள்ளை, நான்கு கறுப்பு, மீண்டும் எழுபது வெள்ளை' என்று எண்ணிக்கையாகச் சொல்லும். எழுத்தே இல்லாத வெற்றுக் கோடு ஒன்று 30 பிட்டுகளுக்குள் அடங்கிவிடும். இச்சிக்கனத்தால் சாதாரணக் கடிதம் ஒரு நிமிடத்திற்குள் சென்று சேர்ந்தது.

இதில் நம்மவர்க்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. தொலைநகல் கருவிக்கு எழுத்து தெரியாது. அது அறிந்தது வெள்ளையும் கறுப்புமே. அகரமும் ஆங்கிலத்தின் முதலெழுத்தும் அதற்கு ஒன்றே. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொண்ட ஜப்பானியர் இக்கருவியை வீடுதோறும் வாங்கி வைத்ததற்கு இது பெருங்காரணம். தமிழருக்கும் அவ்வாறே. யூனிகோடு குறியீட்டில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் விண்டோஸ் 2000 வரும் வரை சாதாரணக் கணினியில் அதனால் பயனில்லை. அதுவரை மின்னஞ்சலில் தமிழில் எழுத வேண்டுமாயின், அனுப்புவோர், பெறுவோர் இருவரிடமும் ஒரே எழுத்துரு இருத்தல் வேண்டும். மயிலை எழுத்துருவையும் முரசு அஞ்சலையும் நெகிழ்தட்டில் நகலெடுத்து நண்பர்க்கு அனுப்பிய காலம் அது. தொலைநகலுக்கோ ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும்.

ஆனால் ஒரு குறை இருந்தது. வழக்கமான தரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நான்கு கோடுகூடக் கிடையாது. மெல்லிய பேனாவால் வைத்த மெய்யெழுத்தின் புள்ளி இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். இணைப்பில் சற்றே இரைச்சல் புகுந்தாலும் அந்தக் கோடுகள் கெடும், புள்ளி மறையும். இது தமிழுக்குப் புதிதன்று. ஓலை கிழியும் என்பதால் ஏட்டுச்சுவடிகளில் புள்ளியிடாமல் எழுதினர். படிப்பவரே இட்டு நிரப்பிக்கொண்டனர். மன்னார்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்தாரின் கொழும்பு முகவரிகளிலிருந்தும் வந்த தாள்களை நாங்கள் ஓலை படிப்பவர் போலவே படித்தோம்.

இனி வழங்கிக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் பெரிய அலுவலகங்களில் தளத்திற்கு ஒரு தொலைநகல் கருவி இருக்கும். வந்த தாள் அதன் தட்டில் கிடக்கும். மருத்துவச் சான்றும் சம்பளக் கடிதமும் காபி எடுக்க வந்தவர் கண்ணில் படும். அனுப்ப விரும்புவோர் வரிசையில் நிற்பர். மறுமுனை வேறு அழைப்பில் இருந்தால் மீண்டும் மீண்டும் எண்களை அழுத்துவர். இத்துன்பத்தைப் போக்க வந்ததே வலையமைப்பில் இணைந்த தொலைநகல் வழங்கி. ஒரு கணினியில் தொலைநகல் அட்டைகளைப் பொருத்தி, 24 அழைப்புகளை ஒருசேரத் தாங்கும் டி-1 தடத்தோடு இணைத்தோம். ஊழியர் தம் மேசையிலிருந்தே அச்சிடுவது போல ஆணையிடுவார், கடிதம் படமாக மாறி வரிசையில் நிற்கும், வழங்கி அழைக்கும், எண் கிடைக்காவிடில் சற்றுப் பொறுத்து மறுபடியும் அழைக்கும். உள்ளே வரும் கடிதங்களுக்கு வேறு ஏற்பாடு. ஒவ்வோர் ஊழியருக்கும் தனி எண் ஒன்று உண்டு. வெளியார் அவ்வெண்ணை அழைத்தால், தொலைபேசி இணைப்பகம் அதன் கடைசி நான்கு இலக்கங்களை வழங்கிக்குச் சொல்லும். வழங்கி பட்டியலைப் பார்த்து உரியவரின் கணினிக்கு அனுப்பும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில் எங்கள் பகற்பொழுதில் பாதி, எண்களோடு போராடுவதிலேயே கழிந்தது. ஒருவர் 011-ஐ விட்டுவிடுவார். மற்றவர் வெளி இணைப்புக்கான 9-ஐத் தாமே சேர்த்துவிடுவார். 1996-இல் டாலஸ் மாநகரின் 214 என்னும் குறியீடு இரண்டாகப் பிரிந்து, ரிச்சர்ட்சன் 972-க்குள் சென்றது. 1999-இல் 469 வந்து சேர்ந்தபின் அடுத்த தெருவை அழைக்கவும் பத்து இலக்கம் வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் வழங்கியின் அழைப்பு விதிகளைத் திருத்தி எழுதினோம். அதே 1996-இல்தான் மதராஸ் சென்னையாயிற்று. அவ்வூரின் பெயர் மாறியது, 44 என்ற குறியீடு மாறவில்லை. எங்கள் ஊரின் பெயர் மாறவில்லை, குறியீடு மாறிவிட்டது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

இரவில் வந்து குவியும் விளம்பரத் தாள்கள் மற்றொரு தொல்லை. கேளாத விளம்பரத்தைத் தொலைநகலில் அனுப்புவது 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வாறு வந்த ஒவ்வொரு தொலைநகலுக்கும் குறைந்தது 500 டாலர் கேட்டு வழக்கிடலாம். ஆயினும் மலிவு விலை விடுமுறைப் பயணங்கள் வந்தவண்ணமே இருந்தன.

உரியவர் இன்னார் என்று வழங்கியால் கண்டறிய முடியாத தாள்களுக்குத் தனியாக ஒரு வரிசை உண்டு. பழைய பொது எண்ணுக்கு வந்தவை, வேலையை விட்டுச் சென்றவர்க்கு வந்தவை, இலக்கம் மாறி வந்தவை யாவும் அங்கே தங்கும். தமிழராகிய நாங்கள் இருவரும் அதற்குத் 'திண்ணை' என்று பெயரிட்டோம். வழிப்போக்கர் வந்து அமர்வார். வீட்டார் எவரேனும் வந்து, யாரைத் தேடி வந்தீர் என்று கேட்கும்வரை இருப்பார். வியட்நாமிய நண்பரும் அச்சொல்லைக் கற்றுக்கொண்டு, "இன்று திண்ணையில் பதினொன்று" என்று காலையில் அறிவிப்பார். அவர் நாவில் இரண்டு 'ண'கரமும் படும் பாடு தனிக்கதை.

திண்ணைத் தாள்களைப் பார்க்கும் உரிமை எங்களுக்கு மட்டுமே இருந்தது. அதற்கும் ஒரு விதி: முகப்புத் தாளை மட்டும் பார்க்கலாம், உள்ளே படித்தல் கூடாது. நாங்களே வகுத்து, நிறுவனம் ஏற்றுக்கொண்ட விதி அது. பிறர் கடிதத்தைப் படிப்பது தகாது என்று சிறுவயதில் வீட்டில் கற்பித்ததுதான். அதை ஆங்கிலத்தில் எழுதி வைத்தோம்.

1998 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், காலை ஏழே முக்கால் மணியளவில் திண்ணையில் ஒற்றைத் தாள் ஒன்று வந்தது. முகப்புத் தாள் இல்லை. பூத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குவர். பெயரை எழுதுவதற்காக ஒரு தாளுக்குப் பணம் கொடுக்கும் குடும்பம் நம்மூரில் உண்டா? நெருக்கி எழுதிய தமிழ்க் கையெழுத்து. முதல் வரி 'அன்புள்ள தம்பிக்கு'. பெயர் இல்லை. அடியில் 'அக்கா'. அதிலும் பெயர் இல்லை. விசிட்டிங் கார்டில் அச்சிட்ட பழைய பொது எண்ணைப் பார்த்து அனுப்பியிருந்தனர்.

வியட்நாமிய நண்பர் திரையைப் பார்த்துவிட்டு எழுந்து கொண்டார். "என்னால் இதைப் படிக்க இயலாது, ஆதலால் எனக்கு விதியைக் காப்பது எளிது. நீங்கள் இருவரும் தீர்மானியுங்கள்" என்றார். முகப்புத் தாளே இல்லாதபோது முகப்புத் தாளை மட்டும் பார் என்னும் விதிக்கு என்ன பொருள்? தாயெழுத்து கண்ணில் பட்டால் அது படிக்கப்பட்டுவிடும், தடுக்க இயலாது. முதல் இரண்டு வரி படித்தோம். தந்தைக்கு நெஞ்சுவலி, தஞ்சாவூர் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அத்தோடு திரையை மூடினோம்.

இனி யாருக்கு? நிறுவனத்தில் தமிழர் பலர் இருந்தனர். அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம் என்றார் மேலதிகாரி. விரைவான வழிதான். ஆயினும் எங்களுக்கு அது உவப்பாக இல்லை. ஒரு வீட்டின் துயரை ஊர்கூட்டிப் படிப்பதாக முடியும். தகப்பனார் உடல்நலம் குன்றிய ஒவ்வொருவர் நெஞ்சும் பதறும். அரைமணி நேரம் தரும்படி கேட்டோம்.

தாளின் நெற்றியில், அனுப்பிய கருவி தானாக அச்சிடும் ஒரு வரி உண்டு: நாள், நேரம், அனுப்பியவரின் எண். பூத்துக்காரர் தம் எண்ணைச் சரியாகப் பதிந்து வைத்திருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும். பலர் அதைச் செய்வதில்லை. மன்னார்குடிக் குறியீடு. குளிர்காலத்தில் நமக்கும் தமிழ்நாட்டுக்கும் பதினொன்றரை மணி நேர வேறுபாடு. எங்களுக்குக் காலை ஒன்பது என்றால் அங்கே இரவு எட்டரை. இரவில் கட்டணம் குறையும் என்பதால் பூத்துகள் நெடுநேரம் திறந்திருக்கும் காலம் அது. அழைத்தோம்.

"சார், அது நம்ம வாத்தியார் வீட்டு லெட்டர்தான். பொண்ணு அழுதுகிட்டே எழுதிக் குடுத்துச்சு. தம்பி டெக்சாஸ்ல இருக்குது" என்றார் பூத்துக்காரர். தம்பியின் பெயரைக் கேட்டோம். வீட்டில் அழைக்கும் செல்லப்பெயர்தான் அவருக்குத் தெரிந்தது. அது எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இராது. வாத்தியார் பெயர் என்ன என்று கேட்டோம். அதை உடனே சொன்னார்; ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள் அல்லவா?

தமிழருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. அமெரிக்கப் படிவம் அதை விடாது கேட்பதால், தலைப்பெழுத்தாக இருந்த தந்தை பெயரை விரித்துக் கடைசிப் பெயராக எழுதிவிட்டோம். நம் பிள்ளைகள் வகுப்பில் தாத்தாவின் பெயரால் அழைக்கப்படுவதும் இதனாலேயே. அது குறித்துப் பெற்றோர் பலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். அன்று நாங்கள் ஊழியர் பட்டியலில் கடைசிப் பெயரிடத்தில் அந்த ஆசிரியரின் பெயரை இட்டுத் தேடினோம். ஒரே ஒருவர் வந்தார். மூன்றாம் கட்டடம், இரண்டாம் தளம்.

தாளை உறையிலிட்டு எங்களுள் ஒருவர் நேரில் கொண்டு சென்றார். அவர் நின்றபடியே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் எங்கள் அறைக்கு வந்து, இது இன்னும் தெளிவாகத் தெரியுமா என்று கேட்டார். இணைப்பில் இரைச்சல் புகுந்து அவ்விடத்தில் சில கோடுகள் கெட்டிருந்தன. 'நீ வர வேண்' என்பது வரை தெரிந்தது. கடைசியில் மகரம் தெரிந்தது. இடையில் இருந்தது 'டா'வா, 'டு'வா? திரையில் எட்டு மடங்கு பெரிதாக்கினோம். கறுப்புச் சதுரங்கள் பெரிதாயினவே தவிர, எழுத்து வரவில்லை. பூத்தை மீண்டும் அழைத்து, கோடுகள் இருமடங்காகும் உயர்தரத்தில் மறுபடி அனுப்பச் சொல்லலாம் என்றோம்.

"வேண்டாம் சார். அக்கா 'வர வேண்டாம்'னுதான் எழுதியிருக்கும். செலவு பத்தி யோசிக்கும். நான் போறேன்" என்றார். அன்று மாலையே டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்திற்குச் சென்றுவிட்டார்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "ரெண்டு நாள் பேசிக்கிட்டு இருந்தார் சார்" என்று அவரே சொன்னார்.

விதியை மாற்றி எழுதினோம். முகப்புத் தாள் இல்லாத வேற்றுமொழித் தாள் வந்தால், அம்மொழி அறிந்த ஒருவர், உரியவரைக் கண்டறியத் தேவையான அளவு மட்டும் படிக்கலாம். படித்ததை உரியவரன்றி எவரிடமும் சொல்லுதல் ஆகாது. ஸ்பானியம், சீனம், வியட்நாமியம், இந்தி, தெலுங்கு, தமிழ், அரபி என ஒவ்வொன்றுக்கும் ஒப்புக்கொண்ட ஊழியர் பெயர்களை எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டினோம். எங்கள் நகரம் எத்தகையது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தே அறிந்துகொண்டோம் என்றால் மிகையாகாது. மேலதிகாரிக்கு இது முழுதும் பிடித்ததாகத் தெரியவில்லை, ஆயினும் கையெழுத்திட்டார்.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. 2000-இல் மின்னணுக் கையொப்பம் செல்லும் என்று அமெரிக்கச் சட்டம் வந்தது. அதுவரை கையொப்பத்துக்காகவே ஓடிய தாள்கள் குறைந்தன. 2001-இல் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்தபோது, பணிநாடும் விண்ணப்பங்கள் வரும் எண்ணுக்கு மட்டும் தாள்கள் பெருகின. மற்ற எண்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வழங்கியின் பதிவேட்டில் எண்ணிக்கை மட்டுமே தெரியும். காலியான மேசைகளை அந்த எண்ணிக்கையிலேயே கண்டோம். பட்டியலிலிருந்து நீக்கிய ஒவ்வொருவரின் எண்ணுக்கும் வரும் தாள் திண்ணைக்கு வந்தது. 2004-இல் எங்கள் வழங்கியை நிறுத்தினர். இவ்வூரில் பல்லாயிரவர்க்கு வேலை தந்த நார்டெல் 2009-இல் திவாலாயிற்று. அதன் கட்டடங்களில் இன்று வேறு நிறுவனங்கள் இயங்குகின்றன.

தொலைநகல் மறைந்துவிட்டதென்று மாணவர்கள் எண்ண வேண்டா. தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாக இணைய வழியே செல்லும் முறை 1998-இல் வகுக்கப்பட்டது. மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றன. 2020-இல் கொரோனா பரிசோதனை முடிவுகள் நம் டெக்சாஸிலேயே, ஹூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தொலைநகலாக நூற்றுக்கணக்கில் வந்து தரையில் குவிந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள்.

எங்களுள் வியட்நாமிய நண்பர் மட்டும் இன்னும் இத்தொழிலில் இருக்கிறார். மருத்துவமனைகளுக்குத் தொலைநகல் சேவை அளிக்கும் ஓரிடத்தில் வேலை. அங்கும் உரியவர் தெரியாத தாள்களுக்கு ஒரு வரிசை உண்டு. அதனைத் திரையில் திண்ணை என்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்; உடன் பணிபுரிவோர் அதை ஏதோ மென்பொருளின் பெயர் என்று எண்ணியிருக்கிறார்களாம்.